ஆறாவது பாட்டில் நான் இல்லை

என் வீட்டு ஹாலில் இருக்கிற பாட்டு செட்டைப் போல ஒன்று பழவேற்காட்டைச் சுற்றி எந்தக் குப்பத்திலும் கிடையாது. இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போட்டுப் பார்த்துவிடலாம். என் இடுப்புக்கு மேல் வருகிற இரண்டு மரப்பெட்டிகள். ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத ஆம்ப்ளிஃபயர். சி.டி. தட்டு போடுகிற மெஷின். சென்னையில் நான் நண்டு கொடுத்துக்கொண்டிருந்த ஓட்டல் முதலாளிக்குத் தெரிந்தவர் யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாட்டுக்குப் போனார். சாமான் வாங்கப் போனவர்கள் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள், கட்டிலைப் பார்த்தார்கள். நான் இதைப் பார்த்தேன். கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய இங்கிலீஷ் தட்டுகள் வந்தன. எல்லாம் ராக்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். ஏரியில் பாடு இல்லாத குடும்பம் எங்களுடையது. பாடு என்றால் முறை. இன்றைக்கு இந்த இடத்தில் இந்த ஆள்தான் வலை போடலாம் என்று ஊர் சீட்டுப் போட்டுக் கொடுக்கிற முறை. அது எங்களுக்குக் கிடையாது. அதனால் நான் சேற்றில் கை விட்டு நண்டு பிடித்தேன். பிறகு பிடித்தவர்களிடம் வாங்கினேன். பிறகு உயிர் நண்டைக் கட்டிக் கூடையில் அடுக்கி விமானத்தில் ஏற்றினேன். இன்றைக்கு என் கொட்டகையைத் தாண்டாமல் இந்தப் பக்கத்து நண்டு ஊரைத் தாண்டுவதில்லை. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. என் கண், என் கை, என் காது. காதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மூடின கூடையின் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே அசைகிற சத்தத்தைக் கேட்டே, இது இறங்குகிற ஊர்வரை தாங்கும், இது தாங்காது என்று பிரித்து வைத்துவிடுவேன். படகு முகத்துவாரத்தில் வரும்போதே மோட்டாரைக் கேட்டு, உன் பிளக் போகப்போகிறது, பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். போயும் இருக்கிறது.

அந்தக் காதைத்தான் ராக்குக்கும் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூடைகள் எல்லாம் வண்டி ஏறிப்போனதும், ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். இங்கிலீஷ் தெரியாது. தெரியாததால்தான் நன்றாகக் கேட்டேன் என்று சொல்வேன். தெரிந்தவன் வார்த்தையின் பின்னால் போய்விடுவான். நான் டிரம்காரனின் காலைக் கேட்டேன், பெரிய டிரம்மை மிதிக்கிற அடியை. தடித்த கம்பிக் கிடார் நெஞ்சுக்குள் இறங்குகிறதா, வயிற்றோடு நின்றுவிடுகிறதா என்று பார்த்தேன். நல்ல தட்டில் பாடுகிறவன் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், பெட்டியே இல்லாத இடத்தில், சுவரோரமாக ஆள் மாதிரி நிற்பான். எழுந்துபோய்த் தோளைத் தொடலாம் போல இருக்கும். சுமாரான தட்டில் அவன் தள்ளாடுவான். கெட்ட தட்டில் ஆளே இருக்கமாட்டான், கூச்சல்தான் இருக்கும். அட்டைப்பெட்டியில் வந்த தட்டுகளில் எது தேறும், எது தேறாது என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். சென்னையிலிருந்து வந்த ஒரு படித்த பையன் பார்த்துவிட்டு, தேறாத பக்கத்திலிருந்த ஒன்றை எடுத்து, இது உலகம் பூரா விற்றது என்றான். விற்கட்டும் என்றேன்.

எங்களுக்கு ஒரே பெண். அந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் தரையில் படுத்து வளர்ந்தவள். அவள் அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. "அப்பனும் பொண்ணும் ஐஸ் மில்லுக்குள்ள குந்திக்கினு கீற மாதிரி குந்திக்கினு கீதுங்க" என்பாள். பெண் படித்தாள், சென்னையில் வேலைக்குப் போனாள், வேலையை விட்டாள், கிடார் வாங்கினாள், இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு தமிழில் ராக் பாடினாள். நான் தடுக்கவில்லை. என் பெண் எதைத் தொட்டாலும் தேறும் என்று கொட்டகையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மழைக்குப் பிறகு அவள் ஒரு பையோடும் கிடாரோடும் வந்து இறங்கினாள். ஒரு முழுத் தட்டுக்குப் பாட்டுப் பதிவு முடித்திருந்தார்கள். முடித்த கையோடு கூட்டம் கலைந்துவிட்டது. டிரம் அடித்தவன் துபாய்க்குப் போய்விட்டான். ஒருத்திக்குக் கல்யாணம். இன்னொருவன் இவளோடு பேசுவதில்லை, ஏன் என்று நான் கேட்கவில்லை. எட்டுப் பாட்டையும் வைத்துக்கொண்டு இவள் மட்டும் மிஞ்சினாள்.

வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாடி அறையில் படுத்தே கிடந்தாள். தலை வாரவில்லை. அவள் அம்மா சோற்றுத் தட்டைக் கொண்டுபோய் வைப்பாள், பிறகு அப்படியே எடுத்துக்கொண்டு வருவாள். "பொண்ணு ஒரு மாதிரியா கீதுயா" என்று என்னிடம் சமையலறையில் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகப் பேசுகிறவள் இல்லை அவள்.

ஒருநாள் பகலில் பெண் மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு தட்டை நீட்டினாள். என் மெஷினுக்காகவே போட்டு எடுத்து வந்ததாம், அது வேறு எதையும் வாங்காது.

"கேட்டுட்டு சொல்லு நைனா."

"நீயும் குந்து. சேந்து கேப்போம்."

"நான் குந்தினா நீ என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுவ. நான் மேல இருக்கேன்."

"மத்தவங்க இன்னா சொன்னாங்க?"

"சூப்பர்னாங்க."

"அப்புறம் இன்னா?"

"அவங்க டீ குடிச்சாலும் சூப்பர்ம்பாங்க. ரெக்கார்டிங் பண்ணவரும் சூப்பர்னாரு, அடுத்த ஆளு வெளிய வெயிட் பண்றாரு, எந்திரிங்கன்னாரு. நீ சொல்லு. நீ பொய் சொல்லமாட்ட. தேறும்னா வெளிய விடறேன். தேறலன்னா கிடாரைக் கட்டி வெச்சுட்டு மீஞ்சூர் கம்பெனியில கூப்பிட்ட வேலைக்குப் போயிடறேன், தொடவேமாட்டேன். ஒரே தடவைதான் கேப்பேன்."

நான் பொய் சொல்லமாட்டேன் என்பது ஊர் அறிந்தது. சொந்தத் தம்பி கொண்டுவந்த நண்டையே மூஞ்சிக்கு நேராகத் திருப்பி அனுப்பியவன். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கொடு என்று வாங்கிக்கொண்டேன்.

போட்டேன். முதல் பாட்டு பாதிகூடப் போகவில்லை, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன்.

அடிச்சத்தம் இல்லை. டிரம் அடிக்கிறான், தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. தடித்த கம்பி எங்கேயோ பக்கத்து வீட்டில் ஓடுகிறது. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் பெண்ணின் குரல் இருக்கிற இடம் தெரியவில்லை. வலப்பக்கம் இல்லை, இடப்பக்கம் இல்லை, நடுவிலும் இல்லை. என் காதுக்குப் பின்னால் புகை மாதிரி இருக்கிறது. என்ன பாடுகிறாள் என்றே பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தேன், பின்னால் சுவர்தான் இருந்தது. எட்டுப் பாட்டும் அப்படியே ஓடி முடிந்தது. என் பெண் அந்தத் தட்டில் இல்லவே இல்லை.

மாடிப்படியில் அவள் கால் தெரிந்தது. "இன்னும் ஒருவாட்டி கேக்கணும்மா" என்றேன். கால் மேலே ஏறிப்போயிற்று.

மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும். சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன். நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். எழுந்து நின்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தேறாது என்று சொல்ல வேண்டிய தட்டு அது, எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாடியில் கிடக்கிறவளிடம் அதை எப்படிப் போய்ச் சொல்வது? சொன்ன பிறகு அவள் என்ன செய்வாள்? வேலை இல்லாவிட்டாலும் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தேன். ஆட்கள் ஏதோ கேட்டார்கள், எரிந்து விழுந்தேன். வீட்டுக்கு வந்தால் படியில் அந்தக் கால். ஒரு நாள் சாமி படத்தின் முன்னால் நின்று, என் காதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இதைத் தேறவை என்று கேட்டேன். கோயிலுக்கு மண்டபம் கட்டிக் கொடுத்தபோதுகூட நான் எதுவும் கேட்டதில்லை.

என் பெண்டாட்டிதான் வழிவிட்டாள். அவளுக்குத் தெரியாமலேதான். சோற்றைப் போட்டுக்கொண்டே, "பொண்ணு பாட்டுல இன்னாயா கொறை?" என்றாள்.

"ஆளே இல்ல. கூச்சலாத்தான் கீது."

"உன் இங்கிலீஷ்காரன் மட்டும் இன்னா, கொஞ்சறானா? அவன ஒருவாட்டி போடு. அவன் இன்னா லட்சணத்துல கத்தறான்னு பாப்போம். எம் பொண்ணுக்கு மட்டும் எதுக்கு நொட்ட சொல்ற?"

வாய்க்காகத்தான் சொன்னாள். நான் எழுந்துபோய், தேறின பக்கத்திலிருந்து எனக்கு மனப்பாடமான தட்டு ஒன்றை எடுத்துப் போட்டேன். இத்தனை வருஷம் என் சுவரோரம் நின்று பாடினவன் அன்றைக்கு நிற்கவில்லை. அவனும் புகையாகப் போய்விட்டான். அவன் டிரம்மும் தகரம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில். கை கழுவாமல் நின்றுகொண்டு சிரித்தேன். "இன்னாயா, சோத்துக் கையோட" என்றாள். செட்டில் கோளாறு. என் பெண்ணிடம் கோளாறு இல்லை. உப்புக்காற்று எதையாவது தின்றிருக்கும். உடனே பழவேற்காட்டு டவுனில் மைக் செட் கடை வைத்திருக்கிற பாய்க்குப் போன் போட்டேன். என் வயதுக்காரர். கல்யாணம், கந்தூரி, கட்சி மீட்டிங் எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான். இந்த செட்டை முதலில் எனக்கு மாட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

வந்தார். உட்காரக்கூட இல்லை. அரை நிமிஷம் கேட்டார், இடப்பக்கத்துப் பெட்டியின் பின்னால் போய்க் குனிந்தார்.

"இத யார் மாட்டினது?"

"நான்தான். பொண்ணு வந்த வாரம் பெயின்ட் அடிக்கறதுக்கு பெட்டிய நகத்தினோம், அது படுத்துக்கினதுல அப்புறம் நான் பாட்டே போடல. ஒயர் முனையெல்லாம் பச்சையாப் பூத்துக் கெடந்துச்சு. வெட்டி, புளி போட்டுத் தேச்சு, புதுசா மாட்டினேன். இன்னா நீட்டா கீது பாருங்க."

"நீட்டாத்தான் கீது. செவப்பு ஒயர் கருப்புல கீது, கருப்பு ஒயர் செவப்புல கீது. இந்த ஒரு பெட்டியில மட்டும். அது இன்னா கணக்கு முதலாளி?"

நான் விளக்கினேன். நண்டின் கொடுக்கைக் கட்டும்போது வலக்கொடுக்குக்குக் கயிற்றை ஒரு பக்கமாகச் சுற்றுவோம், இடக்கொடுக்குக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுவோம். இரண்டையும் ஒரே மாதிரி சுற்றினால் ஒன்று நழுவிவிடும். வலது ஒரு மாதிரி என்றால் இடது அதற்கு எதிர். இது குழந்தைக்கும் தெரியும். அதனால் வலப்பெட்டிக்கு மாட்டினதற்கு எதிராக இடப்பெட்டிக்கு மாட்டினேன்.

பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறார், மூச்சு விட முடியவில்லை. "யா அல்லா. பெட்டிய நண்டுன்னு நெனச்சு கட்டிக்கீறான்யா. யோவ், ஒண்ணு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்குது. ரெண்டும் சேந்து பாட்டையே துன்னுடுச்சு. பேஜாரு பண்ணிட்டியே." டவுன் முழுக்கச் சொல்லுவார் என்று தெரியும். சொல்லட்டும். அன்றைக்கு யார் சிரித்தாலும் எனக்குத் தாங்கும். ஒயரை மாற்றி மாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

மாடிப்படியைப் பார்த்துச் சொன்னேன்: "பாப்பா, செட்டுதான் கெட்டுப் போயிருந்துச்சு. இப்பதான் கேக்கப் போறேன்." மேலே கட்டில் நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

போட்டேன். டிரம்காரனின் கால் என் நெஞ்சில் விழுந்தது. தடித்த கம்பி தரையோடு வந்து நாற்காலிக் காலில் ஏறிற்று. என் பெண் இரண்டு பெட்டிக்கும் நடுவில், சுவரோரம் வந்து நின்றாள். கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றுகூடச் சொல்லிவிடுவேன், அப்படி நின்றாள். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, ஐந்து பாட்டு. மூன்றாவதில் டிரம் அவளை முந்திக்கொண்டு ஓடுகிறது. நான்காவது கிடார் தேவைக்கு மேல் நீளம். சின்னச் சின்னக் கோளாறு. என் காது இதையெல்லாம் பிடிக்கிறதே என்று பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

ஆறாவது பாட்டு மெதுவாக ஆரம்பித்தது. குரல் தெளிவாக இருந்தது. என் வாழ்நாளில் முதல் தடவையாக ராக்கில் வார்த்தை எனக்குப் புரிந்தது.

முகத்துவாரம் தாண்டிப் போன என் நைனா திரும்பவில்லை என்று பாடினாள். கரையில் மூன்று நாள் நின்றோம், ஒரு சட்டை மட்டும் வந்து ஒதுங்கியது என்று பாடினாள்.

நான் போட்டிருந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

நான் முகத்துவாரம் தாண்டி மீனுக்குப் போனவனே இல்லை. கடல் அலை எனக்கு வாந்தி வரவைக்கும். ஏழாவது பாட்டில் அவள் அம்மா விளக்கு வைத்துக்கொண்டு கிழிந்த வலையைத் தைக்கிறாள். என் பெண்டாட்டி வலையைத் தொட்டதில்லை. எட்டாவதில் குடிசை ஒழுகுகிறது. எங்கள் வீட்டில் மாடிக்கும் சேர்த்துப் பளிங்குக்கல் போட்டிருக்கிறேன், வந்து பாருங்கள்.

பெண்டாட்டி கரண்டியோடு வந்து நின்றாள். அவளுக்கும் இப்போது வார்த்தை கேட்டிருக்கிறது. "யாருயா செத்தது?" என்றாள்.

"நான்தான்" என்றேன்.

"நீ இங்க குந்திக்கினு கீறியே."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நான் பட்டதில்லை. வியாபாரத்தில் ஒரு கூடை பாக்கியில்லாமல் நண்டெல்லாம் செத்துப்போன வருஷம்கூட இப்படி இல்லை. முதல் தடவை செட்டு சரியில்லாமல் தேறாது என்று நினைத்தேன். இப்போது செட்டு சரி, காது சரி. ஆனால் கேட்கிறவன் சரியா? என்னைக் கொன்றுபோட்டுப் பாடினதால் எனக்குப் பிடிக்கவில்லையா, இல்லை பாட்டே தேறவில்லையா? அந்த இங்கிலீஷ்காரர்களின் அப்பன்மாரெல்லாம் செத்தார்களோ, இல்லை எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களோ, எனக்கு என்ன தெரியும்? வார்த்தை புரியாமல் இருபது வருஷம் மெத்தனமாக நீதி சொல்லிக்கொண்டிருந்தேன். புரிந்ததும் என் நீதி ஆட்டம் கண்டுவிட்டது.

வார்த்தையை விட்டுவிட்டு மறுபடியும் குரலை மட்டும் கேட்டேன். இங்கிலீஷ் மாதிரி கேட்டேன். அப்போதும் ஆறாவது பாட்டில் அந்த இடம் வந்ததும் காது சுருங்கிற்று. துக்கம் வருவதற்கு முன்னாலேயே குரல் ஏறிவிடுகிறது. நான் கடலுக்குப் போகாவிட்டாலும் கடல் கொண்டுபோனவர்களின் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். எங்கள் தெருவிலேயே ஒருத்தி. கரையில் நின்றவள் குரலை உயர்த்தவே இல்லை. "துன்னுட்டுப் போய்யான்னேன், துன்னுட்டுப் போய்யான்னேன்" என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். என் பெண்ணின் பாட்டில் அந்தக் குரல் இல்லை. முதல் ஐந்து பாட்டில் சுவரோரம் நின்றவள், ஆறாவதில் வேறு யாரோ மாதிரி நின்றாள்.

அவளாகவே இறங்கி வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. "ரொம்ப நாளாச்சு நைனா" என்றாள்.

டிரம் நன்றாக இருக்கிறது என்றேன். தடித்த கம்பி அருமை என்றேன். நின்றுகொண்டே கேட்டாள்.

"அத வுடு. தேறுமா?"

என் வாய்க்குத் தெரிந்த வார்த்தைதான் வந்தது. "தண்ணி நண்டும்மா" என்றேன்.

எங்கள் தொழில்பேச்சு அது. நண்டு பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு போடும். ஓடு சீக்கிரம் கெட்டியாகிவிடும், உள்ளே சதை ஊற நாளாகும். அதுவரை உள்ளே தண்ணீர்தான். மேலே பார்த்தால் அருமையான நண்டு, அமுக்கினால் தெரிந்துவிடும். விமானத்துக்குப் போகாது. கொண்டுவந்தவன் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிடுவோம். ஆனால் குட்டையில் விட்டுத் தீனி போட்டால் சதை பிடிக்கும். அதற்கென்றே குட்டை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொன்னது அந்தக் குட்டையை நினைத்துக்கொண்டுதான். அவள் வளர்ந்தது கொட்டகையில். அவள் பார்த்தது திருப்பிப் போடுகிற கூடையை.

"சரி" என்றாள்.

"அப்படி இல்லம்மா. தண்ணி நண்டுன்னா செத்த நண்டா? உசுரோடதான கீது? குட்டையில வுட்டா..."

"உன் கொட்டாயில தண்ணி நண்டுன்னு சொல்லித் திருப்பி அனுப்பின ஆளுங்க மூஞ்சி எனக்குத் தெரியும் நைனா. குட்டைக்குப் போய் வுட்டுட்டு வந்தேன்னு எவனும் வந்து சொன்னதில்ல. சரி. நான்தான கேட்டேன்." தட்டை எடுக்க மெஷினிடம் குனிந்தாள். பொத்தானைத் தப்புத் தப்பாக அமுக்கினாள், தட்டு வெளியே வரவில்லை.

அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் பெண் என் கண்ணெதிரே சின்னதாகிக்கொண்டே போகிறாள். தண்ணீருக்குள் இறங்குகிற ஆளைக் கரையிலிருந்து பார்ப்பது போல இருந்தது. பிடித்து இழுக்க என்ன கிடைத்தாலும் பிடிப்போம் அல்லவா.

"நான் சொன்னது தப்பும்மா. கோவத்துல சொல்லிட்டேன். நல்லாத்தான் கீது. அப்படியே வெளிய வுடு. சூப்பரா கீது" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இனி யார் முகத்திலும் பார்க்கக்கூடாது.

"நீயும் ஆரம்பிச்சுட்டியா" என்றாள். "தண்ணி நண்டுன்னு சொன்னப்பகூட இவ்ளோ வலிக்கல நைனா. பொய் சொல்லாத ஆளு ஒருத்தர் கீறாருன்னு நெனச்சுதான் அங்கேருந்து வந்தேன். இனிமே யார்கிட்ட போய்க் கேக்கறது?"

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொன்ன உண்மையும் போயிற்று, சொன்ன பொய்யும் உதவவில்லை. என் வாக்கு என்று ஒன்று இருந்தது, ஊரே அதற்கு மரியாதை கொடுத்தது. அதை ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் தின்றுவிட்டேன். பெண்டாட்டி படிக்கட்டின் கீழே உட்கார்ந்து அழுதாள். கதவைத் தட்டினால் திறக்கவில்லை. சாப்பாடு வாசலிலேயே இருந்தது.

காலையில் விடிந்ததும் மாடிக்குப் போய்க் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னேன்: "நேத்து ரெண்டாவது சொன்னது பொய். மொதல்ல சொன்னதுதான் நெசம். ஆனா ஏன்னு நான் சொல்லல. கீழ வா. ஒவ்வொண்ணா நிறுத்திச் சொல்றேன். கேட்டுட்டு நீ எங்க வேணும்னாலும் போ." ரொம்ப நேரம் நின்றேன். முட்டி வலித்தது. கதவு திறந்தது.

இரண்டு பெட்டிக்கும் நடுவில் தரையில் அவளை உட்காரவைத்தேன். முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்றையும் விடவில்லை. இங்கே டிரம் முந்துகிறது, நிறுத்தினேன். இங்கே நீ மூச்சை வார்த்தை நடுவில் எடுக்கிறாய், நிறுத்தினேன். இங்கே கிடார் உன் குரல்மேல் ஏறி உட்காருகிறது, நிறுத்தினேன். மூன்றாவது பாட்டில், "அது வேணும்னே அப்படி வெச்சது" என்றாள்.

"வேணும்னே வெச்சா சரியாயிடுமா?"

"நைனா, அது உனக்குப் புரியாது."

"புரியாதவன்கிட்ட எதுக்கு எடுத்துக்கினு வந்த?"

"ஒயர மாத்தி மாட்ன ஆளு பேசற பேச்சப் பாரு."

"அத யாரு சொன்னது உனக்கு?"

"பாய் சிரிச்சது மாடிவரைக்கும் கேட்டுச்சு."

நான்காவதில் சத்தம் போட்டுச் சண்டை. அவள் அம்மா வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். என் பெண் சண்டை போட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. கழுத்து நரம்பு புடைக்கப் பேசினாள். அதைப் பார்க்க எனக்கு மூச்சு கொஞ்சம் இறங்கிற்று.

ஆறாவது வந்ததும் நான் நிறுத்தப் போனேன். "ஓட வுடு" என்றாள். அவளே எழுந்து சத்தத்தைக் கூட்டினாள். நைனா திரும்பவில்லை. சட்டை ஒதுங்கியது. நான் அவள் பின்தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் ஏறுகிற அந்த இடத்தில் அவள் தோள் சுருங்கிற்று. அவள் காதும் என் காதுதானே.

பாட்டு முடிந்தது. அவளே அமுக்கி நிறுத்தினாள்.

"இத எடுத்துட்டா, அதுக்கப்புறம் வர்ற ரெண்டும் போயிடும்" என்றாள். "மிச்சம் அஞ்சு. அது மட்டும் நிக்குமா?"

"நிக்காது. அஞ்சு பாட்டு அரைக் கூடைதான்."

"யோசிச்சுச் சொல்லேன்."

"நிக்காதும்மா."

தலையை ஆட்டினாள். பிறகு திரும்பாமலே கேட்டாள். குரல் உயரவில்லை. "அங்க எல்லாரும் கேட்டாங்க, நீ மீனவக் குப்பத்துப் பொண்ணு, உன் கதையப் பாடுன்னு. கடல்ல செத்தாங்க, பசியில கெடந்தோம்னு எதிர்பாக்கறாங்க. நம்ம வூட்ல இன்னா கீது? நண்டு கீது, ஐஸ் கீது, பளிங்குக்கல்லு கீது, நீ கீற. துன்னுட்டு குந்திக்கினு உசுரோட கீற ஆள எப்படி நைனா பாடறது?"

என் கொட்டகையில் யார் எது கேட்டாலும் நான் பதில் இல்லாமல் இருந்ததில்லை. "எனக்குத் தெரியலம்மா" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று பார்த்திருப்பாள்.

அது நடந்து சில வாரம் ஆகிறது. தட்டு இன்னும் என் மெஷினுக்குள்ளேயே கிடக்கிறது. அவள் கேட்கவில்லை, நானும் வெளியே எடுக்கவில்லை. ஒரு வேளை சாப்பிடுகிறாள். மீஞ்சூர் கம்பெனியிலிருந்து எப்போது வந்து சேருகிறாய் என்று போன் வந்துகொண்டிருக்கிறது. போனையும் எடுக்கவில்லை, கிடாரையும் எடுக்கவில்லை. அவள் அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் மாடிப்படியைப் பார்க்கிறேன்.